நீள இறக்கைக்காரன் டா 152 எச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நான் ஒட்டிய பிளாஸ்டிக் விமான மாடல்கள் வரிசையாக நிற்கின்றன. வருகிறவர்கள் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரைப் பார்ப்பார்கள், அமெரிக்காவின் மஸ்டாங்கைப் பார்ப்பார்கள், அப்புறம் விரல் ஒன்றை மட்டும் சுட்டும். "இதற்கு ஏன் இறக்கை இவ்வளவு நீளம்?" அந்த ஒன்றுதான் இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம் டா 152 எச். கேள்விகள் வருடக்கணக்காக மாறவே இல்லை. அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு வார்த்தை. இந்த விமானத்தைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும், "எந்த உயரத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1. இது எந்த நாட்டு விமானம், எப்போது வந்தது?

ஜெர்மனி. ஃபோக்க-வுல்ஃப் நிறுவனம் செய்தது. முதல் உற்பத்தி விமானங்கள் 1944 இறுதியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. படைப்பிரிவின் கைக்குப் போனது 1945 ஜனவரியில். ஐரோப்பாவில் போர் முடிந்தது அதே ஆண்டு மே மாதம். அதாவது இதன் மொத்தப் போர் வாழ்க்கை நாலு மாதத்துக்கும் குறைவு.

புதிதாக வானத்தில் இருந்து குதித்த விமானம் இல்லை. 1939 ஜூனில் முதன்முதலாகப் பறந்த எஃப்.டபிள்யூ 190 என்ற புகழ்பெற்ற சண்டை விமானத்தின் கடைசித் தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

2. 'டா' என்றால் என்ன? டாங்க் என்று யாரோ சொன்னார்கள், அது பீரங்கி வண்டி இல்லையா?

பீரங்கி வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடிவமைப்பாளரின் பெயர் குர்ட் டாங்க். ஜெர்மன் விமானங்களுக்கு வழக்கமாக நிறுவனப் பெயரின் சுருக்கம்தான் முன்னால் வரும். டாங்குக்கு மரியாதை செய்யும் விதமாக, பிற்கால வடிவமைப்புகளுக்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளையே வைக்க அனுமதித்தார்கள். பொறியாளர் மட்டுமல்ல, தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்கும் விமானியும்கூட. 14ஆம் கேள்வியில் வரும் கதைக்கு அதுதான் காரணம்.

'எச்' என்பது உயரப் பறக்கும் வகை. 'சி' என்று குட்டை இறக்கையோடு, வேறு என்ஜினோடு இன்னொரு வகையும் திட்டத்தில் இருந்தது. அது சோதனை விமானங்களைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

3. எல்லா விமானமும் மேலே போகத்தானே செய்கிறது? உயரத்துக்கு என்று தனியாக ஒன்று எதற்கு?

ஊட்டிக்குப் போனால் சோறு வேகத் தாமதமாகிறது அல்லவா? வெறும் 2,240 மீட்டர் உயரத்திலேயே காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. 10 கி.மீ. போனால் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. 12.5 கி.மீ.யில் கால் பங்குகூட இல்லை. குளிர் சுமார் மைனஸ் 56 டிகிரி.

இந்த மெலிந்த காற்று மூன்று பேரை ஒரே நேரத்தில் பட்டினி போடுகிறது. என்ஜினுக்கு எரிக்கக் காற்று இல்லை. இறக்கைக்கு ஏறி நிற்கக் காற்று இல்லை. விமானிக்கு மூச்சுவிடக் காற்று இல்லை. சாதாரணச் சண்டை விமானம் 10 கி.மீ.க்கு எப்படியோ தொற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் அங்கே அதனால் திரும்பவோ, துரத்தவோ முடியாது. மிதந்துகொண்டிருப்பதே பெரும்பாடு. எஃப்.டபிள்யூ 190 அப்படித்தான் இருந்தது. 6, 7 கி.மீ. வரை ராஜா. அதற்கு மேல் அதன் பி.எம்.டபிள்யூ 801 என்ஜின் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். மேலே சொன்ன மூன்று பட்டினிக்கும் டாங்க் ஒவ்வொன்றாக என்ன வழி கண்டார் என்பதுதான் டா 152 எச்சின் கதை.

4. சரி, அவ்வளவு உயரத்தில் யாரோடு சண்டை போட?

பி-29. அமெரிக்கா ஒரு மாபெரும் குண்டுவீச்சு விமானத்தைத் தயாரிக்கிறது, அழுத்தமூட்டிய அறைகளோடு வெகு உயரத்தில் வரும் என்ற செய்தி ஜெர்மானியர்களைத் தூங்க விடவில்லை. இருக்கிற விமானங்களால் அதை எட்டிப்பிடிக்க முடியாது என்று பயந்தார்கள்.

அந்தப் பயம் வெற்றுப் பயம் இல்லை. அதே விளையாட்டை அவர்களே இங்கிலாந்தின் மேல் ஆடிப் பார்த்திருந்தார்கள். யுங்கர்ஸ் 86 ஆர் என்ற நீள இறக்கை விமானம் யாரும் எட்ட முடியாத உயரத்தில் பறந்து வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. 1942 செப்டம்பர் 12 அன்று இளவரசர் இம்மானுவேல் கலிட்ஸின் என்ற விமானி, எடை குறைத்த ஸ்பிட்ஃபயரில் சவுத்தாம்ப்டன் பக்கம் சுமார் 13 கி.மீ. உயரத்தில் அதை மடக்கினார். ஒரு பக்கப் பீரங்கி உறைந்து நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் மட்டும் சுட்டதால் ஒவ்வொரு முறையும் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. யுங்கர்ஸ் சிறு அடியோடு தப்பியது. இந்தப் போரின் மிக உயரமான சண்டைகளில் ஒன்று அது. அங்கே இரண்டு விமானங்கள் சந்தித்தால் எவ்வளவு தடுமாற்றம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், பி-29 ஐரோப்பாவில் குண்டுவீசவே இல்லை. எல்லாம் ஜப்பானை நோக்கிப் போயின.

5. இப்போது சொல்லுங்கள், இறக்கை ஏன் இவ்வளவு நீளம்?

இறக்கை வீச்சு 14.44 மீட்டர். எஃப்.டபிள்யூ 190க்கு 10.5 மீட்டர்தான். பரப்பளவு அவ்வளவு கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்: சுமார் 18 சதுர மீட்டரில் இருந்து 23 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதாவது இறக்கையைப் பெரிதாக்கினார்கள் என்பதைவிட, ஒல்லியாக நீட்டினார்கள் என்பதே சரி.

காரணம் இது. காற்று மெலியும்போது விமானத்தைத் தாங்க இறக்கை முன்பக்கத்தை அதிகமாகத் தூக்கி நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நிற்கும்போது இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடிய காற்று, நுனியைச் சுற்றி மேலே வழிந்து ஓடும். அந்த வழிசலால் நுனியில் சுழல் உண்டாகி விமானத்தைப் பின்னால் இழுக்கும். தரைக்கு அருகே வேகமாகப் போகும்போது இந்த இழுவை சொற்பம். 12 கி.மீ.யில் இதுதான் பெரிய எதிரி. இறக்கை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் நுனியின் பங்கு குறையும், இழுவையும் குறையும். கிளைடர்களின் இறக்கையைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துவிடும்.

இலவசம் இல்லை. எஃப்.டபிள்யூ 190 பக்கவாட்டில் உருளும் வேகத்துக்குப் பேர்போனது. நீள இறக்கை அந்தத் துள்ளலை ஓரளவு தின்றுவிட்டது. புதிய என்ஜினால் மூக்கும் நீண்டது, சமநிலை கெடாமல் இருக்க வால் பகுதியையும் நீட்ட வேண்டிவந்தது. மொத்த நீளம் 10.7 மீட்டருக்கு வந்து நின்றது.

6. மூக்கு வட்டமாக இருக்கிறதே, ரேடியல் என்ஜின்தானே?

இல்லை. ரேடியல் என்றால் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் என்ஜின். பார்த்தவுடன் எல்லோரும் ஏமாறும் இடம் இது. நானும் முதலில் ஏமாந்தேன். அந்த வட்டம் ரேடியேட்டர். மோதிரம் மாதிரி வளைந்து என்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால் இருப்பது யுங்கர்ஸ் யூமோ 213 ஈ: தலைகீழாகத் தொங்கும் 12 சிலிண்டர் வி வடிவ என்ஜின், 35 லிட்டர், நீர் குளிர்விப்பு.

ரேடியேட்டரை மூக்கிலேயே வைத்ததால் இறக்கைக்கு அடியிலோ வயிற்றிலோ தனியாக ஒன்றைத் தொங்கவிடத் தேவையில்லை. 1944இல் வந்த எஃப்.டபிள்யூ 190 டி-9லும் இதே ஏற்பாடுதான்.

7. சூப்பர்சார்ஜர் என்கிறார்கள், கார் டர்போ மாதிரியா?

வேலை ஒன்று, ஓட்டுகிற ஆள் வேறு. இரண்டுமே காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். டர்போவை வெளியேறும் புகை சுழற்றும். சூப்பர்சார்ஜரை என்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுழற்றும். யூமோ 213 ஈயில் காற்றை இரண்டு கட்டமாக அமுக்கி, உயரத்துக்குத் தக்கபடி மூன்று வேகங்களில் ஓடும் சூப்பர்சார்ஜர் இருந்தது. சைக்கிள் பம்பு அடித்தால் அடிப்பகுதி சுடுவதுபோல, அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்று மறுபடி விரிந்து, அமுக்கியதன் பலனைக் குறைத்துவிடும். அதனால் நடுவில் ஒரு இன்டர்கூலர்.

பலன்: தரையில் 1,750 குதிரைத்திறன் தரும் என்ஜின், 10 கி.மீ. உயரத்திலும் 1,300ஐ ஒட்டித் தந்தது. காற்று மூன்றில் ஒரு பங்காக மெலிந்த இடத்தில் இது பெரிய விஷயம்.

டர்போவை அவர்கள் முயலாமல் இல்லை. எஃப்.டபிள்யூ 190 சி என்ற சோதனை விமானத்தில் டர்போவை வயிற்றுக்கு அடியில் பை மாதிரி தொங்கவிட்டார்கள். 'கங்காரு' என்று பெயரே வந்துவிட்டது. ஆனால் கொதிக்கும் புகையைத் தாங்க நிக்கல், குரோமியம் கலந்த உலோகங்கள் தாராளமாக வேண்டும். ஜெர்மனியிடம் அவை பஞ்சம். அமெரிக்கா இதே வேலையை பி-47 என்ற சண்டை விமானத்தில் சாதித்துக் காட்டியது. 13ஆம் கேள்வியில் அந்த விமானம் மறுபடி வரும்.

8. சிரிப்பு வாயுவை ஊற்றி ஓட்டினார்களாமே, கதைதானே அது?

நிஜம். ஜி.எம்-1 என்று பெயர். நைட்ரஸ் ஆக்சைடு, பல் டாக்டர் மயக்கத்துக்குக் கொடுக்கும் அதே வாயு, திரவமாகத் தொட்டியில் இருக்கும். என்ஜினுக்குள் போனதும் பிரிந்து ஆக்சிஜனைத் தரும். வெளியே காற்று இல்லை என்றால் காற்றைக் கையோடு கட்டிக்கொண்டு போவது, அவ்வளவுதான். போகிற போக்கில் உள்ளே வரும் காற்றைக் குளிரவும் வைக்கும். இப்போது தெருப் பந்தயக் கார்களில் 'நைட்ரோ' என்று பேசிக்கொள்வது இதன் பேரப்பிள்ளை.

தொட்டி காலியானால் கதை முடிந்தது. சில நிமிடங்களுக்கான பலம், பெட்ரோல் மாதிரி எந்நேரமும் ஓடுவது இல்லை.

9. எம்.டபிள்யூ 50 என்று இன்னொன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எம்.டபிள்யூ 50 என்பது பாதி மெத்தனால், பாதி தண்ணீர் (துருப்பிடிக்காமல் இருக்கச் சொட்டு எண்ணெயும்). அது ஆக்சிஜனைக் கொண்டு வருவதில்லை. காற்றைக் குளிரவைத்து, எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டுவதைத் தடுக்கும். அதனால் சூப்பர்சார்ஜர் இன்னும் அதிகமாக அமுக்கலாம். 1,750 குதிரைத்திறன் 2,050 ஆகும்.

ஆனால் அமுக்குவதற்குக் காற்று இருந்தால்தானே? ஆகவே எம்.டபிள்யூ 50 கீழே, ஜி.எம்-1 மேலே. டா 152 எச்சின் எல்லா விமானங்களிலும் இரண்டும் இருக்கவில்லை. முதலில் வந்த எச்-0 வகை இவை இல்லாமலே வந்தது. எச்-1இல்தான், இறக்கைக்குள் எரிபொருள் தொட்டிகளோடு சேர்த்து, இவையும் வந்தன. ஒரு நூலில் படித்த எண் இன்னொரு நூலில் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. விமானி எப்படி மூச்சுவிட்டார்? ஆக்சிஜன் முகமூடி போதாதா?

12 கி.மீ. வரை ஒருமாதிரி போதும். அதற்கு மேல் சுத்த ஆக்சிஜனையே கொடுத்தாலும், அதை நுரையீரலுக்குள் தள்ளும் அழுத்தம் வெளியே இல்லை. கை கால் மரத்து, புத்தி மந்தமாகி, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பிலேயே விமானி மயங்கிவிடுவார்.

டா 152 எச்சுக்கு அழுத்தமூட்டிய காக்பிட். 8 கி.மீ.க்கு மேலே எங்கே போனாலும் உள்ளே 8 கி.மீ. உயரத்து அழுத்தம் நிலைத்திருக்கும். எவரெஸ்ட் உச்சிக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருப்பது மாதிரி. அதனால் முகமூடி அப்போதும் வேண்டும். இன்றைய பயணி விமான வசதியைக் கற்பனை செய்யாதீர்கள். தரையளவு அழுத்தம் வைத்தால் கூடு கனமாகும். தோட்டா ஒன்று துளைத்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும் அதிர்ச்சியும் பெரிதாகும்.

எனக்குப் பிடித்த சின்ன விஷயம் மூடியின் விளிம்பு. நுரை ரப்பர் நிரப்பிய ஒரு குழாய் மூடியைச் சுற்றி ஓடுகிறது. அதைக் காற்றால் உப்பவைத்து இடைவெளியை அடைத்தார்கள். கண்ணாடி இரட்டை அடுக்கு, நடுவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், உள்ளே பனி படியாமல் இருக்க. புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் அந்தச் சின்னப் பொட்டலச் சரக்கேதான். இதை பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் 6ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அதில் விமானி உட்கார்ந்த பிறகு தரை ஊழியர்கள் வெளியிலிருந்து மூடியைப் பூட்டிவிடுவார்கள். ஆபத்தில் உதறி எறியலாம், ஆனால் நகர்த்தித் திறக்க முடியாது. விமானிகளுக்கு அது பிடிக்கவே இல்லை.

11. துப்பாக்கி மொத்தம் மூன்றுதானா? குறைவாகத் தெரிகிறதே?

எண்ணிக்கையில் குறைவு, அடியில் இல்லை. புரொப்பல்லர் நடுவழியாகச் சுடும் 30 மி.மீ. எம்.கே 108 ஒன்று. இறக்கை வேரில் 20 மி.மீ. பீரங்கி இரண்டு. எம்.கே 108இன் குண்டு ஒன்று சுமார் 330 கிராம். நாலைந்து பட்டாலே நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம் விழும் என்பது அவர்கள் கணக்கு. குறை, குண்டு மெதுவாகப் போகும், அதனால் கிட்டப் போய்த்தான் சுட வேண்டும். மூன்றோடு நிறுத்தியதற்குக் காரணம் எடை. மேலே தூக்கிப் போக வேண்டிய ஒவ்வொரு கிலோவும் உயரத்தில் வலிக்கும்.

12. மணிக்கு 755 கி.மீ. வேகம் என்பது உண்மையா?

எந்த உயரத்தில்? 12 கி.மீ.க்கு மேலே, ஜி.எம்-1 ஓடும்போது, ஏறக்குறைய அந்த வேகம். தரையை ஒட்டி 560 முதல் 580 வரைதான். அது அன்றைய கணக்கில் சுமார் ரகம். ஏறக்கூடிய உச்ச உயரம் 15 கி.மீ.யை ஒட்டி.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே ஒலியின் வேகமே குறைவு, மணிக்கு சுமார் 1,060 கி.மீ. ஆக, 755 என்பது ஒலி வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல். இன்னொரு பக்கம், காற்று கால் பங்கு என்றால் விமானம் விழாமல் நிற்கத் தேவையான வேகம் இரண்டு மடங்காகிறது. மெதுவாகப் போனால் விழும் ஆபத்து, வேகமாகப் போனால் ஒலி வேகத்தை நெருங்கும் ஆபத்து என்று நடுவில் உள்ள சந்து குறுகிக்கொண்டே வரும். அந்தச் சந்தை அகலமாக்கியதுதான் 5ஆம் கேள்வியில் சொன்ன இறக்கையின் உண்மையான வேலை.

13. அப்படியென்றால் அந்தப் போரில் உலகிலேயே வேகமான பிஸ்டன் விமானம் இதுதானே?

இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. என் பதில்: தனியாக முதலிடம் கிடையாது. அமெரிக்காவின் பி-47 எம் சுமார் 9,750 மீட்டரில் மணிக்கு 760 கி.மீ. தொட்டது. அதுவும் சோதனைக் கூடத்து விமானம் இல்லை, 1945இல் இங்கிலாந்தில் இருந்து சண்டைக்குப் பறந்தது. 7ஆம் கேள்வியில் சொன்ன டர்போதான் அதன் ரகசியம்.

ஆனால் 12 கி.மீ.க்கு மேலே ஏறினால் பி-47 சோர்ந்துவிடும், டா 152 எச் அங்கேதான் விழித்துக்கொள்ளும். பி-51 டி மஸ்டாங் சுமார் 700, ஸ்பிட்ஃபயர் 14 சுமார் 720. அவற்றின் உச்ச வேகமெல்லாம் 7.5 முதல் 8 கி.மீ. உயரத்தில் கிடைத்தவை.

14. குர்ட் டாங்க் மஸ்டாங்குகளிடம் மாட்டி, தண்ணி காட்டிவிட்டுப் போன கதை நிஜமா?

1944 இறுதியில் அவரே ஒரு டா 152ஐ ஓட்டிக்கொண்டு லாங்கன்ஹாகனில் இருந்து கோட்புஸ் பக்கம் போகும்போது மஸ்டாங்குகள் துரத்தின, எம்.டபிள்யூ 50ஐத் திறந்துவிட்டார், அவை பின்னால் புள்ளிகளாகிப் போயின என்பது கதை. எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. கதை சொன்னவரும் கதாநாயகனும் ஒருவரே என்பதை மட்டும் மறக்காமல் படியுங்கள். நடந்திருக்க முடியாத விஷயம் எதுவும் அதில் இல்லை.

15. மொத்தம் எத்தனை செய்தார்கள்?

கணக்கெடுத்தவர்கள் 40க்கும் 70க்கும் இடையில் சொல்கிறார்கள். சோதனை விமானங்களைச் சேர்ப்பதா, தொழிற்சாலை முடித்ததை எண்ணுவதா, படை வாங்கியதை எண்ணுவதா என்பதைப் பொறுத்து மாறும். எப்படி எண்ணினாலும் இது கைப்பிடி அளவு. கோட்புஸில்தான் உற்பத்தி. கிழக்கே சோவியத் படை நெருங்கிக்கொண்டிருந்தது, மேலே குண்டுவீச்சு, உதிரி பாகங்கள் வந்துசேர ரயில் இல்லை. 1945 ஜனவரியில் கோட்புஸ் அருகே நொய்ஹவுசன் தளத்தில் நின்றிருந்த பல புது விமானங்கள் தரையிலேயே அழிந்தன.

16. சண்டையில் என்னதான் சாதித்தது?

ஜே.ஜி 301 என்ற படைப்பிரிவு மட்டும்தான் இதை ஓட்டியது. அவர்கள் உரிமை கொண்டாடும் வெற்றிகள் பத்தை ஒட்டியே வரும். எதிரித் தரப்புப் பதிவோடு ஒட்டுபவை அதிலும் குறைவு. இழப்பே இல்லை என்று சிலர் எழுதுவது தவறு.

நன்றாகப் பதிவான சண்டை 1945 ஏப்ரல் 14 அன்று நடந்தது. லுட்விக்ஸ்லுஸ்ட் அருகே ரயில் பாதையைத் தாக்கிக்கொண்டிருந்த நியூசிலாந்து 486ஆவது ஸ்குவாட்ரனின் டெம்பெஸ்ட் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானங்களை நோக்கி, பக்கத்தில் நொய்ஸ்டாட்-க்ளேவ தளத்தில் இருந்து மூன்று டா 152கள் கிளம்பின. ஒன்று ஆரம்பத்திலேயே தரையில் மோதியது. விமானி இறந்தார். வில்லி ரெஷ்க என்பவர் ஒரு டெம்பெஸ்டோடு மரங்களின் உச்சியை ஒட்டி வட்டமிட்டுச் சண்டை போட்டார். டெம்பெஸ்ட் திருப்பத்தில் பிடி இழந்து காட்டுக்குள் விழுந்தது. அதன் விமானியும் இறந்தார்.

15 கி.மீ. போகக் கட்டிய விமானம், அழுத்தமூட்டிய அறை, சிரிப்பு வாயு எல்லாம் வைத்துக்கொண்டு, மர உச்சியில் சண்டை. இந்த விமானத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

17. கீழே நீள இறக்கை சுமைதானே? அப்புறம் எப்படி டெம்பெஸ்டை ஜெயித்தது?

நல்ல கேள்வி. நேர்கோட்டில் ஓடியிருந்தால் டெம்பெஸ்ட் ஜெயித்திருக்கும். தரையை ஒட்டி அது மணிக்கு 600ஐத் தாண்டும். 12ஆம் பதிலில் சொன்ன 560 முதல் 580ஐ அதனோடு ஒப்பிடுங்கள். ஆனால் நடந்தது வட்டமிடும் சண்டை. இறுக்கமாகத் திரும்பும்போதும் இறக்கை முன்பக்கத்தைத் தூக்கி நிற்கிறது, நுனிச் சுழல் பெருகுகிறது. அதாவது கூர்மையான திருப்பமும் மெலிந்த காற்றும் இறக்கைக்கு ஒரே மாதிரியான சோதனை. உயரத்துக்காக நீட்டிய இறக்கை திருப்பத்திலும் கைகொடுத்தது.

இதை வைத்து 'டா 152 டெம்பெஸ்டைவிட மேல்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மாலை, இரண்டு பேர், சில நிமிடங்கள்.

18. ஒரு வருடம் முன்னாடியே வந்திருந்தால் போரே மாறியிருக்குமா?

மாறியிருக்காது. 1944 மே முதல் ஜெர்மனியின் செயற்கை எரிபொருள் ஆலைகள் அடிவாங்கிக்கொண்டே இருந்தன. ஆகஸ்டில் ருமேனிய எண்ணெயும் போனது. பயிற்சிக்கே பெட்ரோல் இல்லாமல் அரைகுறை விமானிகள் சண்டைக்குப் போனார்கள். அந்த நிலையில் இன்னும் ஆயிரம் விமானம் கொடுத்தாலும் ஓட்ட ஆள் இல்லை, ஊற்ற எண்ணெய் இல்லை. தவிர, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தது 7, 8 கி.மீ. உயரத்தில். 15 கி.மீ.யை ஒட்டிப் போகும் விமானத்துக்கு அங்கே தனிச் சிறப்பு பெரிதாக இல்லை.

19. ஜெட்டே வந்துவிட்டதே, பிறகு இது எதற்கு?

மெஸ்ஸர்ஷ்மிட் 262 மணிக்கு 870 கி.மீ. ஓடியது, வேகத்தில் பேச்சே இல்லை. ஆனால் அதன் என்ஜின்களுக்கு ஆயுள் சில பத்து மணி நேரம்கூடக் கிடையாது. காரணம், டர்போவில் சொன்ன அதே உலோகப் பஞ்சம். ஏறும் உயரமும் 11.5 கி.மீ.யோடு சரி. இரண்டு குதிரையிலும் பந்தயம் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20. மற்ற நாடுகள் இப்படி ஒன்றைச் செய்யவில்லையா?

பிரிட்டன் செய்தது. வெஸ்ட்லேண்ட் வெல்கின், இரட்டை என்ஜின், இறக்கை வீச்சு 21 மீட்டர். அலமாரியில் வைத்தால் டா 152 குட்டியாகத் தெரியும். 1942 நவம்பரில் பறந்தது, எழுபதுக்கும் மேல் கட்டினார்கள், ஒன்றுகூடப் படைப்பிரிவில் சண்டைக்குப் போகவில்லை. அது எதிர்பார்த்த யுங்கர்ஸ்கள் வருவதை நிறுத்திவிட்டன, வந்ததையும் ஸ்பிட்ஃபயரே பார்த்துக்கொண்டது.

21. நாஜிகளின் ஆயுதத்தை அலமாரியில் வைத்துக் கொண்டாடலாமா?

ஒரு உறவினர் கேட்டார், பதில் சொல்ல நேரம் எடுத்தது. வைத்திருக்கிறேன், கொண்டாடவில்லை. ஃபோக்க-வுல்ஃப் தொழிற்சாலைகளில் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். அழகான அந்த இறக்கையைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்தே பேசுகிறேன். வால் மீது ஸ்வஸ்திகா ஒட்டுவதில்லை. அது என் முடிவு, மற்றவர்களுக்கு விதி இல்லை.

22. நிஜ விமானத்தை எங்கே பார்க்கலாம்?

உலகத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். போர் முடிந்ததும் பிடிபட்டு, மற்ற ஜெர்மன் விமானங்களோடு எச்.எம்.எஸ். ரீப்பர் கப்பலில் அமெரிக்கா போனது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. பல பத்தாண்டுகளாகக் கிடங்கில்தான் இருந்து வந்திருக்கிறது, ஆகவே அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். பிரிட்டிஷ் சோதனை விமானி எரிக் பிரவுன் பிடிபட்ட டா 152 ஒன்றை ஓட்டிப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்.

23. டாங்க் நம்ம ஊருக்கு வந்தார் என்கிறார்களே, வாட்ஸப் கதையா?

இந்த ஒன்று கதையில்லை. போருக்குப் பின் அர்ஜென்டினாவில் புல்கி 2 என்ற ஜெட்டைச் செய்தார். 1956இல் இந்தியா வந்து பெங்களூரு எச்.ஏ.எல்.லில் எச்.எஃப்-24 மாருத் என்ற போர் ஜெட்டை வடிவமைத்தார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், அங்கே இருந்த ஜெர்மன் வல்லுநர்களைப் பற்றித் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதும்போது டாங்கையும் குறிப்பிடுகிறார்.

மாருத் 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. 147 கட்டப்பட்டன. 1971 போரில் பங்கெடுத்தது. உடம்பு ஒலியைத் தாண்டும் வேகத்துக்கு வரையப்பட்டது. அதற்காகத் திட்டமிட்ட வலுவான ஆர்ஃபியஸ் என்ஜின் கடைசிவரை வரவில்லை. கிடைத்த ஆர்ஃபியஸ் 703இல் மூச்சுத் திணறிக்கொண்டே ஓடியது. டா 152ஐப் பார்க்க வழியில்லாதவர்கள் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தைப் போய்ப் பார்க்கலாம். அதே கை வரைந்தது.